மலைஜீப்புக்கு ரெண்டு அப்பன்

போன் அலறியது.

"மேடம், பொன்னுரங்கம் பேசறேன். என் மூளைய திருடிட்டாங்க..."

இன்ஸ்பெக்டர் அமிர்தம் ரிசீவரைத் தள்ளிப் பிடித்தார்.

"அவ்ளோ சின்ன பொருள எவன்யா திருடப் போறான்?"

பொன்னுரங்கம் கள்ளக்குறிச்சியில் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருப்பவர். ஏசி உண்டு. சுழல் நாற்காலி உண்டு. சாஃப்ட்வேர் மட்டும்தான் கிடையாது.

மதியத்துக்குள், அவர் கைகாட்டிய மாதனை வெள்ளிமலையிலிருந்து ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தார்கள்.

கையில் லேப்டாப். காலில் கேழ்வரகுக் கொல்லை மண்.

"மலைஜீப் ஆப்பு என்னுது மேடம். ராத்திரி பகலா ஒக்காந்து எழுதுனேன். உள்ள தள்ளுங்க இவன," என்றார் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம்.

"நான்தான் எழுதுனேன் மேடம். மலைல ஜீப்பு கூப்புடறதுக்கு. நெட்ல சும்மாவே போட்டேன்."

"சும்மா போட்டா அப்புறம் இன்னா பேச்சு?" என்றார் அமிர்தம்.

"லைசென்ஸ் இருக்குதுங்க. யாரு வேணா எடுத்துக்கலாம், விக்கலாம். என் பேர அழிக்கக் கூடாது. மாத்துனத ஒளிச்சி வைக்கக் கூடாது. அவ்ளோதான்."

பொன்னுரங்கம் சிரித்தார். தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

எழுதியவர்: பொன்னுரங்கம்.

மாதனின் முகம் செத்துப்போனது. ஜெயில் கதவு திறந்துகொண்டது, பாதிக்கு மேல்.

"ரெண்டையும் ஒரே மிஷின்ல ஓட்டிக் காட்டுங்க," என்றார் அமிர்தம்.

ஓடவில்லை. ஒன்றை ஏற்றினால் மற்றது விழுந்தது.

"வைரஸ் மேடம். இவன் வச்சது."

"இல்லிங்க. ரெண்டு ஆப்பு பொட்டிக்கும் உள்ள ஒரே பேரு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒக்காருது. தனித்தனி ரூம்பு குடுத்தா சண்ட தீரும்."

மாதன் எதையோ தட்டினான். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் திறந்தன. எல்லாம் ஒன்று போலவே. ஊர்ப் பட்டியலும் கிட்டத்தட்ட.

பொன்னுரங்கத்தின் பட்டியலில் அமிர்தத்தின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"பொன்னுரங்கம்பாறையா? கல்வராயன் மலைல அப்பிடி இன்னாய்யா ஊரு?"

"அது... புது ஊரு மேடம்..."

"எங்க ஊருங்க. மாதன்பாறை," என்றான் மாதன். "சாமி பேரு. அதத்தான் எனக்கும் வச்சாங்க. மாதன்னு இருந்த எடமெல்லாம் ஒரே தட்டுல மாத்திட்டாரு. சாமியையும் சேத்து."

ஏசியில் வாழ்ந்த உடம்பு வியர்த்தது.

"உனக்கு இன்னாப்பா வேணும்? நஷ்ட ஈடு கேக்கறியா?" என்று மாதனைக் கேட்டார் அமிர்தம்.

"என் பேரு கூட வேணாங்க. ஊரு பேர மட்டும் திருப்பிப் போடச் சொல்லுங்க. இவரு வித்தத போட்டுக்கினு இருக்கிற ஜீப்பு எதுவும் எங்க ஊருக்கு வர்ல. அப்பிடி ஊரே இல்லன்னு சொல்லுதாம்."

அமிர்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு ரைட்டரைப் பார்த்தார்.

"கேஸ எழுதுங்க. குற்றவாளி பக்கத்த மாத்தி."

"பேரு?" என்றார் ரைட்டர்.

"பொன்னுரங்கம்..."

"ஊரு?"

"கள்ளக்குறிச்சி..."

"பொய் சொல்றான்," என்றார் அமிர்தம். "பொன்னுரங்கம்பாறைன்னு எழுதுங்க. ஜீப்பு போவாத ஊரு... ஜாமீன் குடுக்கவும் ஒருத்தனும் வர மாட்டான்."