உம் கொட்டினவள்

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேர் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு ஏறினார்கள். பூட்டுக்கடை பெரியகருப்பன், அவர் சம்சாரம் ஒச்சாயி, ஒச்சாயியின் அக்காளைக் கட்டிய வகையில் அவருக்குச் சகலையான கண்ணுசாமி. திண்டுக்கல்லில் பிறந்தவர்கள் கோட்டையைக் கீழேயிருந்து பார்ப்பதோடு சரி. ஏறுவது வெளியூர்க்காரன் வேலை. பெரியகருப்பனும் அந்த வழக்கத்தைக் கட்டிக் காத்தவர்தான். கெடுத்தது ஆக்ரா.

போன மாதம் கண்ணுசாமி ரயிலேறி டெல்லி, ஆக்ரா என்று சுற்றிவிட்டு வந்திருந்தார். அதற்கப்புறம் செம்பட்டியில் மழை பெய்ததைச் சொல்ல ஆரம்பித்தாலும் தாஜ்மகாலில்தான் போய் முடிப்பார். அது கிடக்கட்டும். ஒச்சாயி அதற்கு உம் கொட்டினாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அடுப்பில் வெஞ்சனம் கருகுவதுகூடத் தெரியாமல், "ம்... ம்..." என்று கொட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து பெரியகருப்பனும் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். ஒரு "ம்" விழுந்ததில்லை. பாதிப் பேச்சில் எழுந்து உலை வைக்கப் போய்விடுவாள்.

அந்த "ம்" அவருக்கு வேண்டும். அதற்குத்தான் இந்த மலையேற்றம்.

சகலை மேலேயும் விடவில்லை. பீரங்கியைத் தட்டிப் பார்த்து, டெல்லியில் இந்த மாதிரியை ஓரமாகப் போட்டு வைத்திருக்கிறான் என்றார். மதிலை அண்ணாந்து பார்த்து, ஆக்ராவில் இது கொல்லைப்புறச் சுவர் என்றார். ஒச்சாயி உம் கொட்டினாள்.

பெரியகருப்பனுக்கு அடிவயிறு எரிந்தது. "ஒச்சாயி, இங்க வா, ஒண்ணு காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து, பழைய வெடிமருந்து அறை ஒன்றுக்குள் குனிந்து நுழைந்தார்.

வெளியே கல்லைப் பிளக்கும் வெயில். உள்ளே இருட்டு, ஈரக் குளிர், வௌவால் புழுக்கை நெடி.

முதுகுக்குப் பின்னால் சேலை சரசரத்தது.

வந்துவிட்டாள்.

சரித்திரம் அவருக்குத் தெரியாது. தெரியாதவர்கள்தான் சுவாரசியமாகச் சொல்லுகிறார்கள். சுவரைப் பார்த்தபடி, கைவசமிருந்த வயிற்றெரிச்சலை வைத்தே ஒரு கதை கட்டினார். இங்கே ஒரு தளபதி இருந்தான். அவன் பெண்டாட்டிக்கு ஊரான் சொல்லும் கதையென்றால் உயிர். தளபதி பொறுக்கமாட்டாமல் அவளை இந்த அறையில் வைத்துப் பூட்டினான்.

"ம்" என்றது குரல்.

பெரியகருப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பூட்டின் கனத்தைச் சொன்னார். சாவியைத் தளபதி குளத்தில் வீசியதைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் "ம்" விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டத்தில் விழுந்தது.

"கதை சொல்ல ஆளில்லாமலே செத்துப் போனா" என்று முடித்துவிட்டு, சந்தோஷமாக வாசல் பக்கம் திரும்பினார்.

தூரத்தில், மதிலோரம், ஒச்சாயி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கண்ணுசாமி தாடிக்கொம்புத் திசையில் கையை நீட்டி, ஆக்ராக் கோட்டையிலிருந்து பார்த்தால் தாஜ்மகால் இப்படித்தான் தெரியும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

பெரியகருப்பன் அசையவில்லை.

காதோரம் ஈரமூச்சுப் பட்டது.

"அப்புறம்?"

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், டெல்லிப் பேய் இதைவிட உசரம் என்பார் சகலை.

வீட்டுக்கு வந்து ஒச்சாயி விளக்கேற்றினாள். புருஷனின் வெளுத்த முகத்தைச் செத்த நேரம் பார்த்தாள். என்ன தோன்றியதோ, எதிரில் வந்து உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னமோ காட்டுறேன்னு போனீகளே. என்னத்தைப் பாத்தீக? சொல்லுங்க."

இத்தனை வருஷமாக அவர் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். பயம்கூடப் பின்வாங்கியது.

"அங்க ஒரு அறை..."

"ம்" என்றாள் ஒச்சாயி.

"ம்" என்றது இன்னொரு குரல், அவள் குரலை அமுக்கிக்கொண்டு.

ஒச்சாயி அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அங்கே இருட்டாக இருந்தது. திரும்பவும் புருஷனைப் பார்த்தபோது அவள் கண்ணில் இருந்தது பயமில்லை.

"யாரு அவ?"

பெரியகருப்பன் வாயைத் திறந்தார்.

அடுப்படியில் சேலை சரசரத்தது. அந்தக் குரல் அங்கிருந்து வந்தது.

"அவ கிடக்கா. நீங்க சொல்லுங்க."