றொஹான் வாங்கி வைத்த மூங்கில்

“ஐயோ, என்ர மாதாவே! வெட்டிப் போட்டாளே...!”

றோஸி போட்ட சத்தத்தில் கொட்டாஞ்சேனையின் அந்த மாடி வீடே அதிர்ந்தது. அடுப்பில் வைத்த தேத்தண்ணியை விட்டுவிட்டு மருமகள் நிலூஷா முன்னறைக்கு ஓடி வந்தாள். மேசையில், கண்ணாடிச் சாடியில், சிவப்பு ரிபன் கட்டிய லக்கி பாம்பூ மூங்கில். மூன்று தண்டுகள் நின்ற இடத்தில் இப்போது இரண்டுதான்.

கலியாணமான கையோடு றோஸியின் மகன் றொஹான் வாங்கி வைத்தது அது. வாடாமல் பார்த்துக்கொள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினான். இப்போது நடுக்கடலில் இருக்கிறான். கொஞ்ச நாளாகப் போன் கோலும் இல்லை. பெற்ற வயிறு பதறாதா? மகனின் உயிரே அந்தச் சாடிக்குள் நிற்பதாக றோஸி நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

“மாமி, அது மஞ்சளாகி அடி அழுகிட்டுது. விட்டா மற்றதுகளும்...”

“கதையாதை! என்ர பிள்ளை வச்சதில கத்தி வைக்க உனக்கு எப்பிடி மனம் வந்தது? அவன் வருமட்டும் மட்டக்குளியில உன்ர அம்மாவோட போய் இரு!”

நிலூஷா தன் துணிப்பையை எடுக்க உள்ளே போனாள். பைப் தண்ணீரை இரவே பிடித்துவைத்து, குளோரின் வாடை போன பிறகு ஊற்றியவள் அவள். வெயில் சுடாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டவளும் அவள்தான். செடி ஏன் மஞ்சளாகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டாள், பாவி!

துணிப்பையோடு திரும்பி வந்தவளின் மறுகையில் ஒரு கண்ணாடித் தம்ளர். சத்தம் கேட்டு வந்து நின்ற மாமனார் கொன்ஸ்ரன்ரைனிடம் நீட்டினாள்.

“மாமா, மஞ்சள் பிடிக்கத் தொடங்கேக்கையே அந்தத் தண்டின்ர குருத்தைக் கிள்ளி வச்சனான். வேர் விட்டிட்டுது. நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ...”

றோஸி விடுவாளா! மாதா சுரூபத்தடியில் இருந்த தீர்த்தப் போத்தலை எடுத்து வந்தாள். “தள்ளு! இதுக்கெண்டாலும் செபிச்சு ஊத்துறன். ஒவ்வொரு நாளும் ஊத்தியும், உன்ர கைராசி...”

“வேண்டாம் மாமி!” நிலூஷாவின் கை தம்ளரின் வாயைப் பொத்தியது.

“தீர்த்தத்தையா வேண்டாமெண்டுறாய்?!”

“அதில... உப்பு மாமி...” அழுதுவிட்டாள்.

அவள் புறங்கையில் சிந்திய தீர்த்தத் துளியைக் கொன்ஸ்ரன்ரைன் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

“ஓம்! பாதர் உப்புப் போட்டெல்லோ ஆசீர்வதிக்கிறவர்! நாள்தோறும் உப்புத் தண்ணி ஊத்தினா எந்தச் செடி தாங்கும், றோஸி? பிள்ளை, உனக்கு இது முதலே தெரியுமா?”

“ஓம் மாமா. மாமி விடியக்காலமை அழுதழுது செபிச்சு ஊத்துறதைக் கண்டனான். றொஹானுக்காகச் செய்யிறதை நிப்பாட்டுங்கோ எண்டு எந்த வாயால சொல்லுறது? அவவுக்கு அதுதானே ஆறுதல்! அவவுக்குத் தெரியாமத் தண்ணியை மாத்தி மாத்திப் பாத்தனான்... ஒரு தண்டைக் காப்பாத்த ஏலாமப் போச்சு.”

றோஸி போத்தலும் கையுமாக நின்றாள். இந்தப் பிள்ளையை என்னவெல்லாம் சொன்னாள்! வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டின. துணிப்பையைப் பறித்து மூலையில் எறிந்தாள்.

“என்னை விட்டிட்டு எங்கயடி போகப் பாத்தனி...?”

றொஹான் கப்பலேறிய அன்று அவனுக்குச் செய்ததுபோலவே, தீர்த்தத்தில் பெருவிரலை நனைத்து மருமகளின் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

“தீர்த்தம் உனக்கு மகள். செடிக்கு என்ன ஊத்துறதெண்டு நீ எனக்குச் சொல்லித் தா.”