கதவுக்கு வெளியே கேட்ட சம்மதம்

பேட்டரிகளை எல்லாம் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் கீபோர்டின் சிவப்பு விளக்கு அணையவில்லை.

முகம்மது இப்ராஹிம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். லுஹர் தொழுது, சாப்பிட்டு, காரைக்கால் முழுக்கக் கண்ணயர்ந்திருந்த அடைமழை நேரம். கரண்டு காலையிலேயே போய்விட்டது. ஓட்டிலிருந்து நீர் சொட்டும் ஓசை, ஈரச் சுவரின் வாடை, அதற்கும் அடியில் ஆற்றுச் சேற்றின் வாடை. அரசலாறு நாலு தெரு தள்ளியல்லவா இருக்கிறது! நாளைக்கு அவனுக்குத் துபாய்ப் பயணம். இந்த ஒரு பொழுது கழிந்தால் போதும்.

பாட்டு வாசிக்கும் அந்தக் கீபோர்டும் துபாயில் வாங்கியதுதான். எதிரே ஒரு வார்த்தை பேசினால் அதை எண்களாக்கி விழுங்கிக்கொள்ளும். கட்டையை அழுத்தினால் பேசியவர் குரலிலேயே திருப்பிச் சொல்லும். அதைக் கொண்டுவந்த புதிதில் வீடே சுற்றி உட்கார்ந்து சிரித்தது.

"நானா, என்னைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் தங்கை ஜன்னத்.

"டீ போட்டுத் தா, போவோம். சம்மதமா?"

"சம்மதம்!"

அந்தச் சொல்லைப் பதிந்துகொண்டான்.

அப்புறம் செய்தானே ஒரு காரியம், படுபாவி! தனக்கு வேலை வாங்கித் தந்த ஐம்பது வயதுக்காரருக்கு அவளைக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். முடியவே முடியாது என்றாள் ஜன்னத். நிக்காஹ் அன்று சாட்சிகள் இருவர் அறைக்கு வெளியே நின்று பெண்ணிடம் சம்மதம் கேட்டார்கள். உள்ளே, கூட இருந்த பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு கையால் அவள் வாயைப் பொத்தி, மறுகையால் கட்டையை அழுத்தினான் இப்ராஹிம். அதன் பிறகு அவள் எத்தனை அழுதும் யாரும் நம்பவில்லை.

"எங்க காதால கேட்டோமேம்மா!" என்றார்கள் சாட்சிகள்.

மூன்றாம் நாள் அவளை அரசலாற்றிலிருந்து பிணமாகத் தூக்கினார்கள். கால் வழுக்கியிருக்கும் என்றது ஊர். இவனும் ஆமாம் என்றான்.

இப்போது ஒரு கட்டை தானாக அமுங்கியது. பிறகு பக்கத்துக் கட்டை. அதற்கும் பக்கத்தது. அமுங்கிய இடமெல்லாம் சேறு.

"தங்கச்சி... மன்னிச்சிரும்மா. தெரியாம செஞ்சிட்டேன்."

தெரியாமலா! இந்த நேரத்திலும் பொய்.

பின்னாலிருந்து ஒரு கை அவன் வாயைப் பொத்தியது. ஜில்லென்ற கை. உள்ளங்கையிலிருந்து ஆற்று நீர் அவன் வாய்க்குள் இறங்கியது. திமிறினான். நாற்காலி உருண்டது.

கதவு தட்டப்பட்டது. மனைவி கைருன்னிஸா.

"மச்சான், என்ன சத்தம்? உள்ள வரட்டுமா?"

வா. வந்துவிடு. தொண்டையில் நீர்தான் குமிழியிட்டது.

கீபோர்டு பேசியது. அவன் குரலில். அதே அதட்டல்.

"ஒண்ணுமில்ல புள்ள. நீ போயி வேலையப் பாரு."

"சரிங்க மச்சான்."

காலடி ஓசை அடுப்படிப் பக்கம் போய்விட்டது. மூச்சு முட்டியது. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தான். அவன் வாயை அழுத்தியிருந்த விரல்களில் கல்யாண மருதாணி இன்னும் வெளுக்கவில்லை.