எதிராளியின் வசனம்

கீழே மண்டியில் மிளகாய் வற்றல் மூட்டையைப் பிரித்தால் தெருவே இருமும். எதிர்வரிசை டீக்கடைக்காரர் திட்டிக்கொண்டே மூக்கைத் துடைப்பார், ஜட்கா வண்டிக்காரன் குதிரையைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவான், மாடியில் அக்கா தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொள்வாள். சிவந்திக்கு மட்டும் மார்ச் மாதத்திலிருந்து கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மூக்கு எரிந்தது, தொண்டை அரித்தது, கண் மட்டும் காய்ந்து கிடந்தது. பத்தொன்பது வயதில் இது என்ன வியாதி என்று யாரிடம் போய்க் கேட்பது?

மார்ச்சில்தான் அவன் அப்பா ஆறுமுகநயினார் இறந்தார். மண்டி அவருடையது. மாடி அறைக் கட்டிலில் ஒரு சாயங்காலம் உயிர் போயிற்று. சிவந்தி அப்போது நாடக வகுப்பில் இருந்தான். "வந்துட்டானா, வந்துட்டானா" என்று வாசலையே பார்த்துக்கொண்டு போனார் என்று அக்கா சொன்னாள். அவனுக்கு அழுகை வரவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போதும் வரவில்லை. கல்லு மாதிரி நிற்கிறான் பார் என்று சொந்தக்காரர்கள் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்று நின்றான்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அது. ஏப்ரலில் வகுப்பை மூடும்போது வாத்தியார் தாமஸ் கோடை விடுமுறைக்கென்று அவனிடம் ஒரு கட்டு கொடுத்தார். நான்கு அச்சு நாடகங்கள், அட்டை கிழிந்த இரண்டு நாவல்கள், கையால் எழுதிய ஒரு நோட்டு. ஜனங்கள் எப்படியெல்லாம் அழுகிறார்கள் என்று புத்தகத்தில் பார், நோட்டை மனப்பாடம் பண்ணு என்றார். நோட்டில் இருந்தது வகுப்பை நடத்தும் நாடக சபாவின் புது நாடகம். சாகக் கிடக்கும் தகப்பனிடம் மகன் வந்து சேரும் காட்சி. மகன் வேஷம் சிவந்திக்கு.

"கொரல் கீது, மூஞ்சி கீது, தண்ணி எங்கடா?" என்றார் தாமஸ். "ஜூன் ஒண்ணாந்தேதி வந்து அயுது காட்டு. இல்லாங்காட்டி வேஷம் வேற ஆளுக்கு."

வேஷம் போனால் அப்புறம் ஆயுசுக்கும் மிளகாய் மூட்டைதான். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பதற்றமில்லாமல் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

நாடக நோட்டு என்றால் முழு நாடகம் இருக்காது. அவரவர் வசனம் மட்டும் கறுப்பு மையில் இருக்கும். எதிராளி பேசுவதில் கடைசி இரண்டு சொல் மட்டும் சிவப்பு மையில், எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிவதற்காக. வீட்டில் தனியாகப் படிக்கிறவன் அந்தச் சிவப்புச் சொல்லையும் தானே சொல்லிவிட்டுத்தான் தன் வசனத்தை எடுக்க வேண்டும். எதிராளியின் இடத்தைக் காலியாக விடக்கூடாது, வகுப்பில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

சிவந்தி பத்து நாள் ஒழுங்காகச் சொன்னான். அப்புறம் அலுத்துவிட்டது. தகப்பன் சொல்லைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டுத் தானே பதில் சொன்னால் எங்கேயிருந்து அழுகை வரும்? அதனால் சிவப்புச் சொற்களை விட்டுவிட்டான். அந்த இடத்தில் சும்மா நின்றான். மத்தியானம் இரண்டு மணி, ஓட்டுக்கூரை கொதிக்கிறது, ரயில்வே யார்டில் கூட்ஸ் வண்டிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் துறைமுகம் வரைக்கும் உருண்டு போய் அடங்குகிறது, காசிமேட்டுப் பக்கமிருந்து கருவாட்டு நாற்றமும் கரித்தூளும் ஒன்றாகச் சேர்ந்து ஜன்னல் வழியே வருகின்றன, அவன் அப்பாவின் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான், பிறகு தன் வசனத்தைச் சொல்கிறான்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எண்ண வேண்டியிருக்கவில்லை. அதுதான் முதலில் அவனுக்கு விசித்திரமாகப் பட்டது. எதிராளியின் முழு வசனம் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. ஆனாலும் எப்போது முடிந்தது என்று ஒவ்வொரு தடவையும் சரியாகத் தெரிந்தது.

மே முதல் வாரம் அக்கா சோற்றுத் தட்டோடு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"யார்றா வந்துகினு கீறாங்க?"

"யாருமில்லக்கா. பாடம் படிக்கிறேன்."

"ரெண்டு கொரல் கேட்டுதே."

அவன் நோட்டைப் புரட்டினான். அவள் தட்டை வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். அப்பா போனதிலிருந்து தினம் அந்த நேரத்துக்கு அந்தச் சுவரோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுவாள். அன்று அழவில்லை. அவன் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். அழுகை நின்றே போயிற்று. பரவாயில்லை, தேறிவிட்டாள் என்று நினைத்தான். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாது, நாடகமாவது கேட்கட்டுமே.

ஒரு நாள் மூட்டை தைக்கும் மஜீது படியில் அவனை நிறுத்தினார். பதினெட்டு வருஷமாக மண்டியில் இருப்பவர்.

"தம்பி, மத்தியானத்துல மேல நைனா கணக்காவே பேசறியே. அந்த இருமல் மொதக்கொண்டு. எனுக்குப் புல்லரிச்சிப் பூட்ச்சுப்பா." கொஞ்சம் தயங்கினார். "வாணாம் ராஜா. வேற எதுனா படியேன்."

"நான் மகன் வேஷம்தான் படிக்கிறேன், பாய்," என்றான் சிவந்தி.

மஜீது அவன் முகத்தையே பார்த்தார். அப்புறம் ஊசியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். மறுநாள் முதல் மத்தியானங்களில் அவர் மண்டியில் இருக்கவில்லை.

பயப்பட வேண்டும் என்று சிவந்திக்குத் தெரிந்தது. நாவல்களில் படித்திருந்தான், பயந்தவனுக்குக் கை நடுங்கும், நாக்கு வறளும் என்று. கையைப் பார்த்தான். நடுங்கவில்லை. அடப்பாவி, இதற்குக்கூட ஒன்றுமில்லையா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. நோட்டை எடுத்தான்.

மே முப்பத்தொன்று. மறுநாள் அழுது காட்ட வேண்டும்.

உச்சிவேளை. காற்றே இல்லை. யார்டில் சத்தமில்லை. அவன் கட்டிலைப் பார்த்தபடி நின்றான். முதல் வசனத்தைச் சொன்னான். இடம் விட்டான்.

அக்கா பேசினாள்.

சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாய் அவளுடையது. குரல் அப்பாவுடையது. ஒரு முழுப் பக்க வசனம், சுத்தமான நாடகத் தமிழில், எங்கும் திக்காமல், நடுவில் அந்த இருமலோடு. அவன் ஒரு தடவையும் பார்க்காத பக்கம். முடிவில் சிவப்பு மைச் சொற்கள்.

"வந்தாயா, மகனே?"

நிறுத்தினாள். வாய் திறந்தபடியே நின்றது.

"அக்கா," என்றான்.

அசையவில்லை.

"அக்கா, வெளையாடாத. எயுந்திரு."

தோளைத் தொட்டான். ஜில்லென்றிருந்தது. மே மாதத்தில், ஓட்டுக்கூரைக்குக் கீழே. உலுக்கினான். தலை ஆடிவிட்டுத் திரும்பப் பழைய இடத்தில் வந்து நின்றது. கண் அவனையே பார்த்தது. இமைக்கவில்லை.

காத்திருக்கிறாள் என்று புரிந்தது. அவன் வசனத்துக்கு. அவன் சொன்னால்தான் காட்சி நகரும். நகர்ந்தால்தான் அவள் அதிலிருந்து வெளியே வருவாள்.

"வந்துவிட்டேன், அப்பா! வந்துவிட்டேன்!" என்றான்.

இருமல்.

"வந்தாயா, மகனே?"

திரும்பவும் சொன்னான். கத்திச் சொன்னான். மண்டியிட்டுச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அதே இருமல், அதே கேள்வி, அதே திறந்த வாய். நோட்டில் அவன் வசனத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு சொல் எழுதியிருந்தது. கண்ணீரோடு. வசனத்தை மட்டும் சொன்னால் போதாது.

தேடினான். அப்பா தோளில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனதை நினைத்தான். ஒன்றுமில்லை. அம்மா இல்லாத வீட்டில் அக்கா தன்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியதை நினைத்தான். இவளும் போய்விட்டால் தனக்கு யாருமில்லை என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தான். வெறும் சொல்லாக விழுந்தது. கன்னத்தில் அறைந்துகொண்டான். வலித்தது. அவ்வளவுதான்.

வெயில் சுவரில் ஏறிற்று. அவள் உதடு வெடிக்க ஆரம்பித்திருந்தது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தான். தெரியவில்லை.

"வந்தாயா, மகனே?"

"வந்துவிட்டேன், அப்பா! வந்துவிட்டேன்!"

இந்தத் தடவை குரல் நன்றாக விழுந்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்று நினைத்தான். ஈ ஒன்று வந்து அக்காவின் திறந்த கண்ணில் உட்கார்ந்தது. கருவிழியின் மேல் மெல்ல நடந்தது. இமை அசையவில்லை. சிவந்தி உலர்ந்த கண்ணோடு அதைப் பார்த்துக்கொண்டே தொண்டையைச் செருமினான்.

இருமல்.

"வந்தாயா, மகனே?"