முட்டை போட்டது யார்?

தில்லைநாதன் சார் மேஜை மேலேயே கவிழ்ந்து கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம்...

எதிரே கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு மினுக்கிக்கொண்டிருந்தது!

கடலூரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் இசைவாணிக்கு, அந்தச் சிதம்பரம் இன்ஜினீயரிங் காலேஜில் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ஏட்டு பக்கிரியைக்கூட ஒரு தடவை முறைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"இவன்தான் மேடம்!"

சக புரொபசர் சுப்பிரமணியன், ஹரிஷ் என்கிற மாணவனின் காலரைப் பிடித்திருந்தார். "லேப்புல முட்டை போட்டுட்டாருன்னு சண்டைக்கு வந்தான். அடிச்சே கொன்னுட்டான்!"

ஹரிஷ் கைகூப்பினான். குறிஞ்சிப்பாடியில் அவன் குடும்பத்துக்கே முதல் பட்டதாரி ஆக வேண்டியவன். இன்றைக்குக் கையில் விலங்கு ஏறினால் அத்தோடு எல்லாம் போச்சு!

"மேடம், எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. லேப் பரீட்சைக்கே வரல. 'வராதது வேற, தெரியாதது வேறடா'ன்னு சார் அந்தக் கட்டத்தைக் காலியா வுட்டாரு. முட்டை போடவே இல்ல!"

"பொய்!" சுப்பிரமணியன் சீறினார். "பக்கத்துல நின்னு பாத்தேன். முட்டை போட்டாரு. உடனே சராசரி நாப்பதுன்னு வந்துச்சு. ஃபெயில்!"

இசைவாணி திரையைப் பார்த்தாள். வெறும் எழுத்தும் கோடுமாக ஒரு அட்டவணை.

ஹரிஷ்... தியரி 70, லேப் 0, வைவா 30. சராசரி 60.

அறுபதா!

"வெயிட்டேஜ் எப்படி தம்பி?"

"தியரிக்கு மூணு பங்கு, லேப்புக்கு ரெண்டு, வைவாவுக்கு ஒண்ணு மேடம்."

இசைவாணி மனதுக்குள் போட்டாள். மொத்தம் இருநூற்று நாற்பது. ஆறு பங்காலும் வகுத்தால் நாற்பது. லேப்பின் ரெண்டு பங்கைத் தள்ளிவிட்டு நாலால் வகுத்தால்... அறுபது!

"சுப்பிரமணியன் சார்... இங்க அறுபதுன்னுல்ல இருக்கு?"

அவர் திரையை எட்டிப் பார்த்தார். "அது... கம்ப்யூட்டர் தப்பு மேடம்."

"கம்ப்யூட்டர் பாவம் சார்! இந்த மாதிரி அட்டவணையில நம்பரை மாத்தினா சராசரி தானா மாறாது. மறுபடி கணக்குப் போடச் சொல்லி நாமதான் ஒரு கீயைத் தட்டணும்."

தட்டினாள்.

60 மறைந்தது... 40 வந்தது!

"கட்டம் காலியா இருந்தப்ப போட்ட சராசரி அது. முட்டை அப்புறமா வந்திருக்கு. தனக்குத்தானே முட்டை போட்டுக்க இவன் என்ன லூசா? நாப்பது இந்தத் திரையில வந்ததே இப்பதான்... நீங்க எப்படி சார் முன்னாடியே பாத்தீங்க? முட்டையைப் போட்டதும் தானா மாறிடும்னு மனக்கணக்குப் போட்டீங்களா?"

சுப்பிரமணியன் காலரை விட்டார். கதவைப் பார்த்தார். அங்கே பக்கிரி!

"என் தீசிஸ் காப்பின்னு மேலிடத்துக்கு எழுதிடுவேன்னாரு மேடம்..." குரல் உடைந்தது. "பழி இவன் மேல போவட்டும்னு..."

ஹரிஷ் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

பக்கிரி விலங்கை மாட்டினார்.

"வாங்க சார்... முட்டை போட்டவருக்கு இனிமே களிதான்!"