இரண்டாவது கிணறு

அளவைக் கருவிக்குள் தெரிந்த மேற்கு மூலையில், இன்னாசித்தம்பி பிடித்துக்கொண்டு நின்ற சிவப்பு வெள்ளைத் தடிக்கு இரண்டு முழம் தள்ளி, ஏதோ பச்சையாகத் தெரிந்தது. அருளம்பலம் கண்ணை எடுத்துவிட்டு நேராகப் பார்த்தார். இன்னாசித்தம்பி நின்றான். தடி நின்றது. பின்னால் ஈரப்பலா மரம், எருக்கலைப் பத்தை, பாசி பிடித்த மதில். பச்சையாக வேறொன்றும் அங்கே இல்லை.

மறுபடி குனிந்தார். இருந்தது.

அவருடைய தியோடலைற், நிலம் அளக்கும் பழைய காலத்துக் குழாய்க் கருவி. உலகத்தைத் தலைகீழாகத்தான் காட்டும். மண் மேலே இருக்கும், வானம் கீழே கிடக்கும். தடி பிடிப்பவன் முகட்டில் வௌவால் தொங்குவதுபோலக் கால் மேலே, தலை கீழே தொங்குவான். இருபத்தாறு வருடமாக நில அளவை செய்துவந்த அருளம்பலத்தின் கண்ணுக்கு அது பழகிப்போன சங்கதி. தலைகீழ் என்ற நினைப்பே வருவதில்லை. இன்றைக்கு வந்தது. ஏனென்றால் அந்தப் பச்சை நிறம் ஒரு சீலையின் கரை. அதற்குக் கீழே இரண்டு பாதங்கள். இன்னாசித்தம்பியின் பாதங்கள் மேலே மண்ணில் ஊன்றியிருக்க, இந்தப் பாதங்கள் மட்டும் கீழே, வானத்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றன. கணுக்காலும் முழங்காலும் ஈரச் சீலை ஒட்டிய தொடையும் மேலே போய் மண்ணுக்குள் மறைந்தன.

கண்ணில் பூ விழுகிறது என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கோண அளவைக் குறித்துவிட்டுக் கருவியைத் தூக்கினார்.

எண்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம். கொக்குவிலில் மூன்றரைப் பரப்பு வளவு, ஏறத்தாழக் கால் ஏக்கர், நாலு பக்கமும் மதில், நடுவில் ஓட்டு வீடு. வளவில் பாதி நமசிவாயத்துக்கு, பாதி அவருடைய தங்கை பூரணத்துக்கு என்று காணி உறுதிப் பத்திரம் சொன்னது. இரண்டு வருடத்துக்கு முன் பூரணம் தன் பாதியைப் பிரித்துத் தரும்படி பங்கு வழக்குப் போட்டிருந்தாள். வழக்குப் போட்ட ஆறாம் மாதம் அவள் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிவிட்டதாகத் தமையன் சொன்னார். அந்த நாளில் சண்டைக்குப் பயந்து எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. வழக்கு மட்டும் அவளுடைய சட்டத்தரணியின் கையில் தவணைக்குத் தவணை நகர்ந்துகொண்டிருந்தது. இப்போது வளவை அளந்து படம் தரும்படி அருளம்பலத்துக்கு நீதிமன்றக் கட்டளை வந்திருந்தது.

நமசிவாயம் வேலையிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர். மெலிந்த, மரியாதையான மனிதர். தேத்தண்ணீரும் பனங்கட்டித் துண்டும் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

"அண்ணை, உறுதியிலை வீடும் இரண்டு கிணறும் எண்டு கிடக்குது. நான் ஒரு கிணறுதான் காணுறன்," என்றார் அருளம்பலம்.

"மற்றது எப்பவோ தூந்து மூடிப் போச்சு, ஐயா. அப்பு உயிரோடை இருக்கேக்கையே."

"எந்த இடத்திலை?"

"நினைவில்லை." கோப்பையின் விளிம்பைத் துடைத்தார். "மேற்குப் பக்கத்தைப் பழைய படத்திலை இருந்து எடுத்துப் போடுங்கோவன். பத்தையும் முள்ளும். பாம்பும் கிடக்கும்."

"உது சரிவராது. நாளைக்கு நான் சாட்சிக்கூட்டிலை ஏறிச் சத்தியம் பண்ண வேணும்."

நமசிவாயம் தலையை ஆட்டினார். காலையிலிருந்து அவர் மேற்கு மூலைப் பக்கம் ஒருதரம்கூட முகத்தைத் திருப்பவில்லை என்பது அப்போதுதான் அருளம்பலத்துக்கு உறைத்தது.

அந்த மூலையைச் சரியாகப் பிடிக்க மூன்று இடங்களில் இருந்து பார்க்க வேண்டும். முதலாவது வாசல் படலையடி; அங்கே பார்த்தாயிற்று. இரண்டாவது, இருக்கிற கிணற்றடி. அங்கே முக்காலியை ஊன்றி மட்டம் பார்க்கும்போதே ஒரு மணம் வந்தது. வெயில் ஏறி, காற்றுச் செம்மண் புழுதியை அள்ளிக்கொண்டு போன அந்த வேளையில், எங்கேயோ நெடுநாள் மூடிக் கிடந்த தண்ணீரின் மணம். பாசியும் இரும்பும் அழுகின இலையும் கலந்த மணம். பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் மணல் தெரியும் தெளிந்த தண்ணீர். அதிலிருந்து வரவில்லை. காற்று மேற்கிலிருந்து வீசியது. பனை ஓலைகள் ஒன்றோடொன்று உரசி, யாரோ இரகசியம் கதைப்பதைப்போல நிறுத்தாமல் சரசரத்தன.

குனிந்தார்.

இப்போது கழுத்துவரை வந்திருந்தது. இடுப்பும் முதுகும். பச்சைச் சட்டையின் பின்முடிச்சு. கழுத்துக்கு மேலே மண்.

பாதங்களில்தான் தொடங்கியது, இப்போது கழுத்துவரை வந்துவிட்டது என்று அவருடைய அளவைக்காரப் புத்தி, அவர் கேட்காமலே கணக்குச் சொன்னது. கிணற்றுக்குள் தலைகுப்புறப் போன ஒன்று வெளியே வருவதானால் பாதம்தான் முதலில் வரும். கையிலிருந்த பென்சில் விழுந்தது. எடுக்கக் குனிய மனம் வரவில்லை. குனிந்தால் நிமிரும்போது என்ன நிற்குமோ என்றிருந்தது.

மூலையிலிருந்து இன்னாசித்தம்பி சத்தம் போட்டான். "ஐயா, கெதியாப் பாருங்கோ. எனக்கு இதிலை நிக்கேலாமக் கிடக்குது."

"ஏன்?"

"கால் குளிருது, ஐயா. மண் காய்ஞ்சுதான் கிடக்குது. ஆனால் குளிருது."

இருபது வருடம் அவரோடு அளவைச் சங்கிலி இழுத்தவன். சுடலை எல்லையிலும் பயப்படாமல் தடி பிடித்தவன். அவன் முறையிட்டு அருளம்பலம் கேட்டதில்லை.

இன்றைக்கு இதோடு நிறுத்திவிட்டுப் போய்விடலாம். வீடு உரும்பிராயில், ஒரு சைக்கிள் ஓட்டம். ஆனால் போனால் இன்னொரு நாள் வர வேண்டும். வராவிட்டால் பழைய படத்தைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அதில் இரண்டாவது கிணறு இல்லை. அந்தக் கையெழுத்தை நினைத்தபோது, மேற்கு மூலையை நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அவருக்குப் பயம் வந்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு சமையல் குசினிப் பின்முற்றத்துக்கு நடந்தார். மூன்றாவது இடம். மூலைக்கு நாற்பது அடிதான்.

நமசிவாயமும் கோப்பையோடு பின்னால் வந்து தூணில் சாய்ந்தார்.

அருளம்பலம் குனிந்தார். வில்லையைத் திருகினார்.

முகம்.

கண் மூடிய, நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் முகம். நெற்றி மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. நமசிவாயத்தின் அதே கூர்மூக்கு. முடி முழுவதும் மேலே மண்ணுக்குள், வேர் ஓடினதுபோலப் பரந்து கிடந்தது. கைகள் இரண்டும் தலைக்கு அப்பால் நீண்டு, மணிக்கட்டுவரை மண்ணுக்குள் இருந்தன. எதையோ தேடுவதுபோல முழங்கைகள் மெல்ல அசைந்தன.

பக்கத்தில் இன்னாசித்தம்பி, ஒன்றும் தெரியாமல் நின்றான்.

"இன்னாசி. தடியைக் குத்திப் போட்டு இஞ்சை வா."

"ஐயா?"

"வா."

அவன் ஓடாத குறையாக வந்தான். அருளம்பலம் நிமிர்ந்தார். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தார்.

"அண்ணை, உங்கடை தங்கச்சி எந்தக் கரையிலை வள்ளம் ஏறினவ?"

"வல்வெட்டித்துறையிலை." தூணிலிருந்து நகர்ந்து, "இல்லை, மாதகலிலை" என்றார்.

"பச்சைச் சீலையோ கட்டியிருந்தவ?"

நமசிவாயத்தின் முகத்தில் கோபமில்லை, பயமும் இல்லை. பூட்டின பெட்டியின் பூட்டைத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிற ஒருவனுடைய பதற்றம்தான் இருந்தது. கோப்பையைத் திண்ணைக் குந்தில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அன்றைக்கு முதல்தரம் மேற்கு மூலையைப் பார்த்தார்.

"ஆரோ கிண்டியிருக்கினம் போலை," என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்.

"அண்ணை, நில்லுங்கோ."

அவர் நிற்கவில்லை. எருக்கலைப் பத்தையை விலக்கிக்கொண்டு போனார். தடியடியில் நின்று காலால் மண்ணை அமத்திப் பார்த்தார். ஒரு இடம். இன்னொரு இடம். அருளம்பலத்துக்கு வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கருவியில் கண்ணை வைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

குனிந்தார்.

நமசிவாயம் தலைகீழாகத் தொங்கினார், உயிருள்ளவர்கள் எல்லாரையும்போல. அவருக்குப் பக்கத்தில் அவள். இருவருக்கும் நடுவில் ஒரு முழம்.

அவள் கண் திறந்தது.

தமையனைப் பார்க்கவில்லை. குழாய்க்கு இந்தப் பக்கம், அருளம்பலத்தைப் பார்த்தாள்.

கைகள் மண்ணிலிருந்து வெளியே வந்தன. ஈரமான, வெளிறின, நகம் இல்லாத கைகள். மண்ணில் ஊன்றியிருந்த தமையனின் இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக் கவிழ்த்தன.

கோட்டைப் பக்கம் ஆமி அடித்த செல் ஒன்று விழுந்து வெடித்தது. நிலம் அதிர்ந்தது. குழாய்க்குள் எல்லாம் குலைந்தது.

நிமிர்ந்து பார்த்தார். ஈரப்பலா மரம். மதில். தடி. காய்ந்த மண், ஒரு வெடிப்பும் இல்லாமல், ஒரு சருகும் அசையாமல்.

ஆள் இல்லை.

"அவர் எங்கை, ஐயா?" இன்னாசித்தம்பி கேட்டான். "இப்ப அதிலை நிண்டவரல்லோ?"

அருளம்பலத்தின் கை தானாகவே வில்லையைத் திருகியது. கண் தானாகவே குனிந்தது.

மேலே மண். கீழே வானம். அவள் அசையாமல் நின்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் மண்ணிலிருந்து வேறு இரண்டு பாதங்கள் கீழே நீட்டிக்கொண்டிருந்தன. மடித்துக் கட்டின வேட்டி அவிழ்ந்து கணுக்காலில் சுற்றியிருந்தது. விரல்கள் விரிந்தன. மடங்கின. விரிந்தன.

இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன.