மண்ணுக்கு ஒரு பாராட்டு விழா

செங்குடியில் காலையில் எழுந்ததும் யாரும் மணி பார்ப்பதில்லை. வாசல் கதவுக்கு மேலே ஒளிரும் மண்மூச்சு எண்ணைத்தான் பார்ப்பார்கள். கண்ணாடிக் கூரைக்கடியில் இருக்கும் மூன்று ஏக்கர் வயலில் நுண்ணுயிர்கள் எவ்வளவு மூச்சு விடுகின்றன என்பதைச் சொல்லும் எண் அது. பதினைந்து என்றால் முழுச் சாப்பாடு, எட்டு என்றால் அரைச் சாப்பாடு. செவ்வாய்க் கோளில் பிறந்த குழந்தைகள் அம்மா என்று சொல்லப் பழகும் முன்பே அதைப் படிக்கப் பழகிவிடும்.

அந்த வருடம் எண் நான்குக்கு இறங்கியது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பதினோரு வருடம் சோளத்துக்கு மேல் சோளமாக விதைத்து, தட்டையைக்கூட மிச்சம் வைக்காமல் வழித்து எடுத்தால் எந்த மண்தான் தாங்கும்? பூமியில் செய்த அதே காரியத்தைச் செய்யத்தான் இத்தனை கோடி கிலோமீட்டர் தாண்டி வந்திருந்தார்கள்.

மண்காப்பு அதிகாரி மரகதவல்லி ஒரு வழி சொன்னாள். ஒரு போகம் சாப்பாட்டுப் பயிரே வேண்டாம். மண்ணுக்கு உரமாகும் சணப்புச் செடியின் விதை கையிருப்பில் ஒரே மூட்டை இருக்கிறது, அதைத் தூவி வயலை மூடுவோம். பாதிப் பூ விரிந்ததும் மடக்கி உழுதால் மண்ணுக்கு உயிர் வரும். ஓரத்தில் ஒரு பாத்தியை மட்டும் அடுத்த முறை விதைக்காக விட்டுவைப்போம்.

"திங்க முடியாத செடிக்குத் தண்ணியா? இந்தம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று ஊரே ஏசியது. கால் வயிற்றுச் சாப்பாட்டோடு நாற்பத்து நான்கு நாள் அவளைப் பார்த்த இடத்திலெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வயலுக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். சணப்பு வேர்கள் மண்ணுக்குள் நூல் நூலாக வழி போட்டுக்கொண்டிருந்தன. மண்புழு இல்லாத அந்த மாவு மண் ஒரு முறை மிதிபட்டால் சிமெண்டுத் தரையாக இறுகிவிடும். ஈர்ப்பு குறைந்த ஊரில் எல்லோர் காலிலும் இரும்பு எடைச்செருப்பு வேறு. அதனால் உழவு எந்திரமான கலப்பன்கூடக் கூரைத் தண்டவாளத்தில் தொங்கியபடியேதான் வேலை செய்யும்.

நாற்பத்தைந்தாம் நாள் எண் பதினொன்று. வயல் முழுக்க மஞ்சள். மரகதவல்லி அழுதேவிட்டாள். பிறகு ஒரு தவறு செய்தாள். ஓடிப்போய்க் குடியேற்றத் தலைவர் தனபாலனிடம் சொன்னாள்.

"சும்மா விடலாமாம்மா? விழா எடுத்துருவோம். மண்ணுக்கும் உங்களுக்கும் சேர்த்துப் பாராட்டு!"

"ஐயா, பாதிப் பூ விரிஞ்சாச்சு. இன்னைக்கே மடக்கி உழணும்."

"ஒரு நாள்ல என்ன ஆயிடப்போகுது? ஜனங்க உங்களை எவ்வளவு பேசியிருப்பாங்க. அவங்க வாயாலேயே வாழ்த்த வேணாமா?"

அந்த இடத்தில் அவள் சறுக்கினாள். நல்ல வார்த்தை கேட்டு எத்தனை நாளாயிற்று! எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். தலைவர் நன்றாகத் தலையாட்டினார்.

"இன்று உழ வேண்டிய நாள். தொடங்கட்டுமா?" என்று கேட்டது கலப்பன்.

"நாளைக்குப் பார்க்கலாம்," என்றாள்.

மறுநாள் அவள் வந்தபோது வயலின் நடுவே மேடை நின்றது. வெளி நடைபாதையில் ஐம்பது பேருக்குத்தான் இடமாம். ஊரில் இருப்பது எண்ணூறு பேர். செடிகளை மிதித்துச் சாய்த்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். "மண் வாழ்ந்தால் நாம் வாழ்வோம்" என்ற பதாகையின் கால்களை ஆழமாக ஊன்றியிருந்தார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினாள். ஒலிபெருக்கியில் வரவேற்புரை ஓடிக்கொண்டிருந்தது. "அம்மாவுக்குக் கூச்சம்," என்று சிரித்து, இருவர் கையைப் பிடித்து மேடையேற்றினார்கள். தலைவர் பொன்னாடை போர்த்தினார். கூட்டம் எழுந்து நின்று மண்ணைக் காக்க உறுதிமொழி எடுத்தது. எண்ணூறு ஜோடி இரும்புச் செருப்புகள் எடுத்த உறுதிமொழி. பிறகு அவள் கழுத்தில் மாலை விழுந்தது. புத்தம் புது மஞ்சள் மாலை.

"இந்தப் பூ எங்க பறிச்சீங்க?" மாலையைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"ஓரத்துப் பாத்தியிலம்மா. வயல்ல கை வைக்கலாமா? அதான் கலப்பன்கிட்டச் சொல்லி, தனியா இருந்ததைச் சுத்தமாப் பறிச்சுட்டோம்," என்றார் தலைவர் பெருமையாக.

மறுநாள் காலை எல்லோரும் கதவுக்கு மேலே பார்த்தார்கள். எண் இரண்டு. கலப்பன் உழப் பார்த்தது. கலப்பையின் இரும்புக் கொழு வளைந்தது. பாத்தியில் மொட்டைத் தண்டுகள் நின்றன. மண் விழிப்புணர்வு வாரம் நடத்தலாம் என்று தலைவர் ஒரு குழு அமைத்தார்.

மரகதவல்லி பூமிக்குச் செய்தி அனுப்பினாள். விதை தீர்ந்துவிட்டது, மண் செத்துவிட்டது, ஒரு பிடி சணப்பு விதை அனுப்பினால் பிழைத்துக்கொள்வோம் என்று கெஞ்சி எழுதினாள். நடந்ததற்குச் சாட்சியாக விழாப் படத்தையும் இணைத்தாள்.

நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. அதோடு ஒரு பழைய படம். பசும் வயல் நடுவே மேடை, பதாகை, பொன்னாடை, சிரித்த முகங்கள்.

"விழா சிறப்பு. வாழ்த்துகள். இங்கேயும் வருடா வருடம் இப்படித்தான் கொண்டாடினோம். அந்த மாலையில் ஒரு காயாவது முற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள்."